பாலம் நின்ற இடம்

கிளிஞ்சல்முனையில் துறைப்பாலம் நடக்கும். தினமும் இல்லை. காற்று விழுந்த நாட்களில், முற்பகல் பதினோரு மணி வாக்கில், பதினெட்டுக் கான்கிரீட் கால்களையும் ஒவ்வொன்றாகச் சேற்றிலிருந்து உருவிக்கொண்டு நாற்பது ஐம்பது அடி தள்ளிப் போய் நிற்கும். மனம் வந்தால் பழைய இடத்துக்குத் திரும்பும். படகு கட்டுவதும் மீன் இறக்குவதும் அதில்தான் என்றாலும், ஊரில் இதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. பாலம் என்றால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், படகு ஓட்டுகிறவர்கள்தான் பார்த்துப் போக வேண்டும் என்பார்கள்.

மீன்பிடித் தடை முடிந்து கடல் திறக்க நான்கு நாள் இருந்த ஒரு வியாழக்கிழமை, பாலம் வந்து செலஸ்தீனாவின் படகை இடித்தது. இப்படிச் சொல்வது ஊர் வழக்கப்படி தவறு. படகுத்துறைக் கமிட்டியின் பதிவேட்டில் 'படகு பாலத்தில் மோதியது' என்ற வாக்கியம் அச்சடித்தே இருக்கிறது. தேதியும் பெயரும் மட்டும்தான் நிரப்ப வேண்டும்.

செலஸ்தீனாவுக்கு இருபத்தொன்பது வயது. கிளிஞ்சல்முனையின் நூற்றுப் பன்னிரண்டு படகு எண்களில் அறுபத்து மூன்று அவளுடையது. அப்பா இறந்த பிறகு அதைத் தன் பேருக்கு மாற்ற நான்கு வருடம் ஊர்க்கூட்டத்தில் நின்று வாதாடினாள். பெண்ணுக்கு எண் கொடுக்கலாம் என்று எந்த விதியிலும் இல்லை என்றார்கள். கூடாது என்றும் இல்லையே என்றாள். நான்காவது வருடம் அவர்களுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் கொடுத்தார்கள். ஆனால் எல்லோருக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஒன்றரை மாதம் மூடிக் கிடந்த கடல் திறக்கிற அன்று காலை, மோட்டாரோடு முகத்துவாரத்தைத் தாண்டாத படகு தன் எண்ணை இழக்கும். எண், காத்திருப்போர் வரிசையில் முதலில் நிற்பவருக்குப் போகும். போனது திரும்பாது.

வியாழக்கிழமை அவள் மோட்டாரைச் சோதித்துப் பார்க்கத்தான் படகை இறக்கினாள். வலப்பக்கமிருந்து பாலம் வருவதைப் பார்த்தாள். ஒதுங்கினாள். பாலமும் அந்தப் பக்கமே ஒதுங்கியது. படகின் பின்புறம் பாலத்தின் ஆறாவது காலில் அடிபட்டது. மோட்டார் ஒருமுறை துள்ளிவிட்டு, முன்னைவிட உரக்க ஓடிக்கொண்டிருந்தது. முறுக்கினாள், சத்தம் ஏறியதே தவிர படகு அசையவில்லை. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தாள்.

என்ன கோளாறு என்பது கரைக்கு வருமுன்பே அவளுக்குத் தெரியும். மோட்டாரின் காத்தாடியைத் தண்டோடு பிணைத்து வைத்திருப்பது சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு பித்தளைப் பின். எதிலாவது மோதினால் முதலில் அதுதான் உடையும். உடைவதற்காகவே அதை அங்கே வைத்திருக்கிறார்கள். அது உடைந்தால் தண்டு மட்டும் தனியாகச் சுற்றும், காத்தாடி சும்மா இருக்கும், உள்ளே இருக்கிற பல்சக்கரங்கள் தப்பித்துக்கொள்ளும். மாற்றுப் பின்கள் ஐந்து அவளுடைய பையில் கிடந்தன. பத்து நிமிட வேலை.

ஆனால் பாலத்தில் பட்ட மோட்டாரைச் சொந்தக்காரர் திறக்கக் கூடாது. கோளாறு யாரிடம் என்று முதலில் கமிட்டி கண்டுபிடிக்கும். கோளாறு எதில் என்று பிறகு மெக்கானிக் சொல்வார். வரிசை மாறினால் மோட்டார் குழம்பிவிடும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஏலக்கூடத்தில் கமிட்டி கூடியது. ஐந்து பேர், தலைவர் ரெமிஜியூஸ். மோட்டாரை இரும்புச் சட்டத்தில் மாட்டி, அதன் காத்தாடிப் பகுதியைத் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கியிருந்தார்கள். மெக்கானிக் கஸ்பார் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து, கியரில் போட்டார். கூரைத் தகரம் அதிர்ந்தது. டிரம்மில் தண்ணீர் சுழலவில்லை. அதன் மேல் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. 'குரல் இருக்கிறது, செயல் இல்லை' என்று பதிவேட்டில் எழுதினார்கள்.

கேள்வியை முதலில் செலஸ்தீனாவின் கணவன் லியோனிடம் கேட்டார்கள். லியோன் தையல்காரன். கிணற்றை எட்டிப் பார்த்தாலே அவனுக்குத் தலை சுற்றும்.

"மாப்ளே, மோட்டாருக்கு என்ன?" என்றார் ரெமிஜியூஸ்.

"எனக்கென்ன மாமா தெரியும்? அவகிட்ட கேளுங்க. அவதான ஓட்டுனா."

"அவகிட்ட கேக்கலாம்டே. நீ சொல்லு."

"நான் பிளவுஸ் தைக்கிறவன் மாமா."

ரெமிஜியூஸ் தலையாட்டிவிட்டு எழுதச் சொன்னார்: கணவருக்கு விவரம் தெரியவில்லை, ஆகவே விவரம் கிடைக்கவில்லை.

பின் உடைந்திருக்கிறது, காத்தாடியைக் கையால் சுற்றிப் பார்த்தாலே தெரியும் என்று செலஸ்தீனா சொன்னாள். கஸ்பார் ஏற்கெனவே யாரும் பார்க்காதபோது ஒரு விரலால் தட்டிப் பார்த்திருந்தார். காத்தாடி லேசாக, தடையே இல்லாமல் சுழன்றது. இப்போது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக வரிசை தவறாமல் வேலை பார்ப்பவர்.

அடுத்து அவளுடைய முறை வந்தது. பதினோரு மணிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். தனியாகவா போனாய் என்றார்கள். படகுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தது யார் யோசனை என்றும், அவ்வளவு பளிச்சென்று அடித்தால் பாலத்தின் கண்ணில் படாதா என்றும் கேட்டார்கள். ஒதுங்கித்தானே போனேன் என்றாள். ஏன் ஒதுங்கினாய், ஒதுங்கியதால்தான் அது உன்னைக் கவனித்திருக்கிறது என்றார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கும் அவர்களிடம் ஒரு பதில் இருந்தது.

"அது நடந்து வந்துச்சு மாமா."

"நடக்கத்தான் செய்யும். கால் இருக்குல்லா?"

"அப்ப அது நிக்கிற இடம்தான் எது? ஒரு கோடு போட்டுக் காட்டுங்க. அந்தக் கோட்டத் தொடாம நான் ஓட்டுறேன்."

"அது எங்க நிக்குதோ அதான் அது நிக்கிற இடம்" என்றார் ரெமிஜியூஸ், பொறுமையாக. "இதுல ஒனக்கு என்ன சந்தேகம்?"

பாலத்திடம் கேட்டீர்களா என்று அவள் கேட்டாள். கேட்டிருந்தார்கள். அது ஒன்றும் சொல்லவில்லை. 'கண்ணியமான மௌனம்' என்று அதற்கு ஒரு முழு வரி ஒதுக்கியிருந்தார்கள். அவள் சொன்னதற்குப் பதிவேட்டில் இடம் போதவில்லை. 'நிறையப் பேசினார்' என்று சுருக்கியிருந்தார்கள்.

சனிக்கிழமை கமிட்டி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனது. ஏலக்கூடத்தில் மிக்கேலா மட்டும் இருந்தாள். மீன் ஏலம் விடுகிறவள், செலஸ்தீனாவுக்கு மயினி, அதாவது அண்ணி முறை. செலஸ்தீனா பையிலிருந்து திருகியையும் ஒரு பின்னையும் எடுப்பதைப் பார்த்துவிட்டு, கூடையைக் கவிழ்த்துப் போட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏளா, நேத்து அந்த வாயக் கொஞ்சம் மூடிக்கிட்டு நின்னிருந்தா, அவனுவளே பின்ன மாட்டித் தந்திருப்பானுவ" என்றாள்.

"வாய மூடியிருந்தா நம்பரே கெடச்சிருக்காது மயினி."

"கெடச்சு என்னத்தக் கண்ட?"

செலஸ்தீனா மோட்டாரை டிரம்மிலிருந்து தூக்கிச் சட்டத்தில் சாய்த்தாள். காத்தாடியைக் கழற்றினாள். உடைந்த பின்னின் இரண்டு துண்டுகளையும் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினாள். மூடி, மறுபடி டிரம்முக்குள் இறக்கி, கயிற்றை இழுத்து, கியரில் போட்டாள். டிரம்மின் தண்ணீர் ஒரே சுழலாகச் சுழன்று விளிம்பு தாண்டிக் கொட்டி, ஏலக்கூடத்தின் வாசல்வரை ஓடியது. சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டு வந்த கமிட்டி அதில் கால் நனைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தது.

ஓடுதில்லா, பிரச்சினை முடிஞ்சது என்றாள் அவள். முடியவில்லை. கோளாறு கண்டுபிடிக்கப்படாத மோட்டார் ஓடுவது, ஓடாமல் இருப்பதைவிட மோசம். எதை வைத்து விசாரிப்பது? மோட்டாரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று முடிவானது. குறடால் பின்னை உடைத்துத் தருகிறேன் என்று கஸ்பார் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். குறடு வேறு, பாலம் வேறு என்று மறுத்துவிட்டார்கள். உடைத்தது எதுவோ அதுவேதான் உடைக்க வேண்டும். பாலத்திடம் கேட்டுக்கொண்டார்கள். அது மறுப்புச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே கடற்கரைக்கு வந்துவிட்டது. வேர்க்கடலை விற்றார்கள். எல்லாம் வியாழக்கிழமை போலவே இருக்க வேண்டும் என்பதால், அன்று போட்டிருந்த நீலச் சுடிதாரையே போட்டு வரச் சொன்னார்கள். அது துவைத்துக் கொடியில் கிடந்தது. ஈரத்தோடு போட்டுக்கொண்டு படகில் ஏறினாள். அருகிலிருந்து பார்க்க வசதியாக இருக்கும் என்று கமிட்டி ஐவரும் பாலத்தின் மீதே போய் நின்றார்கள்.

பதினோரு மணிக்குப் பாலம் கால்களை உருவியது. ரெமிஜியூஸ் ஒரு கையால் கைப்பிடிக் கம்பியையும் மறு கையால் வேட்டியையும் பிடித்துக்கொண்டார். எழுத்தர் ஒருமுறை தடுமாறி உட்கார்ந்துவிட்டார். செலஸ்தீனா ஒதுங்கினாள், ஒதுங்கத்தான் வேண்டும், அன்றைக்கும் ஒதுங்கினாள் அல்லவா. பாலம் ஐவரையும் சுமந்துகொண்டு அதே பக்கம் வந்து, அதே ஆறாவது காலால் இடித்தது. பின் உடைந்தது. மோட்டார் இரைந்தது. ஐஸ் கம்பெனிக்கு எதிரே பாலத்தில் ஏறிய ஐவரும் மாதா கோவில் கொடிமரத்துக்கு எதிரே இறங்கினார்கள்.

இறங்கியதும் எழுதினார்கள்: பாலம் நின்ற இடத்தில் நின்றது.

துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்த செலஸ்தீனா, ஈரம் சொட்டச் சொட்ட நேராக ரெமிஜியூஸ் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, எங்க ஏறுனிய, எங்க எறங்குனிய?"

"பாலத்துல ஏறுனோம். பாலத்துல எறங்குனோம்" என்றார் ரெமிஜியூஸ்.

கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது. கடலைத் தோலை ஊதிவிட்டுத் தலையாட்டினார்கள். நீங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள் என்று அவர்களிடம் கேட்டாள். ஆமாம், பார்த்தோம் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவளுடன் பள்ளியில் படித்த ஒருத்தி மட்டும், நீ இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக ஒதுங்கியிருக்கலாம் என்றாள், அக்கறையோடுதான்.

மாலை நான்கு மணிக்குத் தீர்ப்பு வாசித்தார்கள். மோட்டாருக்கு உடம்பில் ஒன்றுமில்லை. பயந்திருக்கிறது. பயம் ஓட்டியவர் கையிலிருந்து ஏறியது. பாலம் ஒரே இடத்தில் நிற்கும் என்று எதிர்பார்க்கிறவரிடம் இருக்கும்வரை மோட்டாரின் பயம் தெளியாது. நிதானமான யாரிடமாவது அது கொஞ்ச நாள் இருக்க வேண்டும். ஊரில் பாலத்தைவிட நிதானமானவர் இல்லை. தவிர, காத்திருப்போர் வரிசையிலும் பாலம்தான் முதலில் நிற்கிறது. நாற்பத்தொரு வருடமாக அது கரையில் காத்திருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

வரிசையில் நிற்க மனு கொடுக்க வேண்டுமே, பாலம் எப்போது கொடுத்தது என்று கேட்டாள். நின்றதுதான் மனு என்றார்கள். துடுப்புப் போட்டே முகத்துவாரத்தைத் தாண்டிக் காட்டுகிறேன் என்றாள். மோட்டார் எண்ணுக்கு மோட்டார்தான் வேண்டும் என்றார்கள். அவள் குரல் அப்போதுதான் முதல்முறையாக உடைந்தது.

"அறுபத்து மூணு என் நம்பர் மாமா. எங்கப்பா நம்பர்."

"ஒன் நம்பர்தான். யாரு இல்லன்னா? நாளைக்குக் காலைல நீ தாண்டலன்னாதான் இல்லாம போவும்."

கமிட்டி பதிவேட்டை மூடியது. இனி கோளாறு எதில் என்று சொல்லலாம் என்பதால், திங்கள்கிழமை விடியும்போது கஸ்பார் செலஸ்தீனாவின் வீட்டு வாசலுக்கு வந்தார். அந்த அளவுப் பின் தன்னிடம் இல்லை, ஒன்று தர முடியுமா என்று கேட்டார். பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.

"அண்ணே, ஒடஞ்சது பின்தான?"

"பின்தாம்மா" என்றார் கஸ்பார். "மொத நாளே தெரியும்."

ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. நூற்றுப் பதினொரு படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக முகத்துவாரத்தைத் தாண்டின. கடைசியாகப் பாலம் போனது. அதன் நெற்றியில் 63 என்று புதுப் பெயின்டில் எழுதி, வால்பக்கம் மோட்டாரைப் பொருத்தியிருந்தார்கள். மோட்டார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பாலம் நீளமானதால் முழுவதும் தாண்டிமுடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். செலஸ்தீனா பாலம் இருந்த இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்று பார்த்தாள். அவள் காலடியில் பதினெட்டுக் குழிகளும் மெல்லச் சேறு மூடிக்கொண்டிருந்தன.

மத்தியானம் ஒரு மணிக்குப் படகுகள் திரும்பின. கட்டுவதற்குப் பாலம் இல்லை. அது ஆழ்கடல் பக்கம் போய்விட்டது, வர ஒரு வாரம் ஆகலாம் என்றார்கள். முதலில் வந்த ஏழாம் எண்காரர் கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, காலையிலிருந்து அங்கேயே நின்ற செலஸ்தீனாவை நோக்கிக் கயிற்றை வீசினார். பழக்கத்தில் பிடித்துவிட்டாள். இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளச் சொன்னார். அடுத்தவர் வீசினார். இறுக்கிக் கட்டாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தர்க்கம் பண்ணினாள். பாலம் ஒருநாளும் இப்படிக் குறை சொன்னதில்லை என்றார்கள். மூன்று மணிக்குள் நாற்பது படகுகள் அவளோடு கட்டுண்டு ஆடிக்கொண்டிருந்தன. மிக்கேலா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கூடைகளை இறக்கினாள்.

நான்கு மணிக்கு ரெமிஜியூஸ் வந்தார். சுற்றிவந்து பார்த்தார். இரண்டு காலையும் சமமாக ஊன்றச் சொன்னார். காலையில் சிமென்ட் வரும், நான்கு மூட்டை சொல்லியிருக்கிறேன் என்றார்.

நான்கு போதாது, இந்தச் சேற்றுக்கு ஆறு வேண்டும் என்றாள் செலஸ்தீனா.

நான்கே அதிகம் என்றார் அவர். பேசிப் பேசி ஐந்தில் முடிந்தது.