வெயிலுக்குப் போய்வரும் ஊர்

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஆற்றில் துடுப்புப் போட்டால் படகு நகராது, ஊர்தான் நகரும். இதை முதலில் கண்டவர், காலை பஸ்ஸில் வெளியூரிலிருந்து வந்த கண்டக்டர். பஸ் நிலையம் இருக்கவேண்டிய இடத்தில் புல்வெளி இருந்தது. ஓர் எருமை அவரை ஏற இறங்கப் பார்த்தது. நிலையமும் டீக்கடையும், அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் அரை மைல் மேற்கே போயிருந்தார்கள். ஒருவர் டீயும் சிந்தவில்லை. இதில் புரியாததற்கு ஒன்றுமில்லை. முப்பது வருஷம் ஒரே சீட்டில் உட்கார்ந்து மரமும் மைல்கல்லும் பின்னால் ஓடுவதையே பார்த்த உடம்பு அது. உட்கார்ந்தவன் இருந்த இடத்தில் இருப்பான், ஊர்தான் ஓடவேண்டும் என்று அது முடிவுகட்டிவிட்டது.

அந்த ஊருக்கு மேலே ஒரு மேகம் நங்கூரம் போட்டு நின்றிருந்தது. வருஷம் பூரா மழை. சுவரில் அடித்த ஆணி தளிர்விடும், தவளைக்கே சளி பிடிக்கும். மீன்கள் கடைத்தெரு வழியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஆற்றுக்குத் திரும்பும். தெரிந்த முகம் என்று யாரும் பிடிக்கமாட்டார்கள். டிரைவருக்கு இதெல்லாம் சொர்க்கம். ஓய்வுபெற்ற மறுநாளே படகு வாங்கி, மழையின் வகைகளைப் படிக்க ஆரம்பித்தார். நாணலில் விழும் மழை ரகசியம் பேசும், தாமரை இலையில் விழுவது தாளம் போடும், நடு ஆற்றில் விழுவது ஒன்றுமே சொல்லாது, கூட உட்கார்ந்திருக்கும். மீன்கொத்தி அவர் துடுப்பில் உட்கார்ந்து, வேண்டிய இடத்தில் இறங்கிக்கொள்ளும். டிக்கெட் கேட்கிற பழக்கம் டிரைவருக்கு எப்போதுமே இல்லை.

நனைந்துபோனது அவர் மனைவியின் பிழைப்புதான். அவள் சலவைக் கடை வைத்திருந்தாள். துவைத்த விரிப்பைக் கொடியில் போட்டால் காய்வதற்குள் காளான் பூத்துவிடும். "அக்கா, இன்னொரு தடவை மெத்தை விரிப்புல பூஞ்சை வாடை அடிச்சா, வேற கடை பாத்துக்கறோம்" என்று விடுதி மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே அவள் பெட்டியை எடுத்து வைத்தாள்.

"எங்க அக்கா ஊர்ல வெயில் கொட்டிக் கிடக்கு. கடையை அங்க மாத்திக்கறேன். நீங்க இங்கயே ஆத்து நாரைங்களோட குடும்பம் நடத்துங்க."

டிரைவர் நேரே ஆற்றுக்குப் போனார். படகில் ஏறி, கடைசிப் படித்துறையையும் தாண்டி, நிறுத்தாமல் துடுப்புப் போட்டார். குழாய்க்கு அடியிலிருந்து குடத்தை இழுத்த மாதிரி ஊர் மேகத்தை விட்டு வெளியே வந்தது. பளீரென்று வெயில். நாய்கள் தங்கள் நிழலைப் பார்த்துக் குரைத்தன. குடைக்கடை வைத்திருந்த மனைவியின் தம்பி கரையோரமாக ஓடி, "மச்சான், என் பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்களே!" என்று கத்தினான். அவர் மட்டும் படகோடு மழைக்குள்ளேயே இருந்தார். ஊர்தானே நகரும்.

சாயங்காலம் வீடு திரும்பத் துடுப்புப் போட்டார்; ஊர் மறுபடி மழைக்கடியில் வந்தது. பாதி காய்ந்த விரிப்பெல்லாம் தொப்பல். மனைவி படித்துறையில் நின்று பொரிந்து தள்ளினாள்: "நான் சொல்ற வரைக்கும் அந்தப் பக்கமே இருங்க!" அப்படியே திரும்பிப் போனார்.

விரிப்புகள் அட்டை மாதிரி விறைப்பாகக் காய்ந்தன. மேனேஜர் முகர்ந்து பார்த்துக் கண்கலங்கினார். அக்கம்பக்கத்து விடுதிகளெல்லாம் அவள் கடை வாசலில் மூட்டையை இறக்கின. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது, டிரைவர் வரவில்லை. தவளைகள் வரிசையாக வந்து அவளுடைய சலவைத் தொட்டியில் இறங்கி, அவளையே பார்த்தன. தகரக் கூரையில் சத்தமே இல்லாத வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மனுஷன் கோபித்துக்கொண்டார் என்று நினைத்தாள். வெயிலும் வேண்டும், அவரும் வேண்டும் என்றால் எங்கே போய்க் கேட்பது?

கொடியில் கிடந்ததையெல்லாம் எடுத்து மடித்து உள்ளே வைத்துவிட்டு, கடைசிப் படித்துறைக்குப் போனாள். எதிரே திரைபோட்ட மாதிரி மழை. அதற்குள் படகு, படகில் டிரைவர். தாடிக்குள் ஒரு சிட்டு கூடு கட்டியிருந்தது.

"ஏங்க, இன்னும் கோபமா?"

"கோபமா? எனக்கென்ன கோபம்? நீ விசிலே குடுக்கலையே!"

"என்ன விசில்?"

"சொல்ற வரைக்கும் இருன்னு சொன்னியே. விசில் இல்லாம நான் என்னைக்கு வண்டி எடுத்தேன்?"

"அடப் பாவி மனுஷா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முந்தின. இரண்டு விரலை வாயில் வைத்து இரட்டை விசில் அடித்தாள். எருமை உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் துடுப்பை எடுத்தார். படித்துறையில் நின்றபடியே அவள் மழைக்குள் போய், அவர் பக்கத்தில் சேர்ந்தாள்.

அன்றிலிருந்து காலையில் ஒரு இரட்டை விசில், துணி எடுத்த பிறகு ஒரு இரட்டை விசில். தம்பி கடையில் பகலில் தொப்பி, மாலையில் குடை. பஸ் கண்டக்டர்கள் முந்தைய ஊரிலேயே, "இன்னைக்கு எங்க நிக்குது?" என்று கேட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். சாயங்காலம் தகரத்தில் முதல் துளி விழுந்ததும் அவள் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பாள். தெருவில் யாராவது உள்ளங்கையை நீட்டிப் பார்த்து, "டிரைவர் வந்துட்டாரு" என்பார்கள்.