அப்பாவின் வலது கை

பக்கவாதம் வந்த அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து ஹோ நகரத்து வீட்டுக்குக் கூட்டிவந்த அதே வாரம் டெலாலிக்கு நெதர்லாந்திலிருந்து வேலை வந்தது. நல்ல காலத்துக்கும் நேரம் பார்த்து வரத் தெரிவதில்லை. மனிதர் எப்படி நினைக்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள் அவள். கைச்சைகைகள்தான் அவள் பாடம். தன் இனத்து ஏவே மக்கள் வழி காட்டும்போது இடது கையை ஏன் முதுகுக்குப் பின்னால் மறைக்கிறார்கள் என்று சந்தை சந்தையாக நின்று படம் பிடித்து எழுதினாள். பட்டம் வந்தது, வேலை வரவில்லை. உலகத்தில் உள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கெல்லாம் விண்ணப்பம் போட்டு ஓய்ந்தபோது ஒன்று கூப்பிட்டது. இரண்டு வருஷம், மூளையையும் கையையும் பற்றிய ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அப்பாவின் அக்கா எனியோனம், சந்தையில் இருந்த தன் துணிக்கடையை மகளிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"பட்டத்துக்கு மேலயும் ஒரு படிப்பா? இதுக்கு முடிவே கிடையாதாடி?"

"படிப்பு இல்ல அத்தை, ஆராய்ச்சி வேலை. சம்பளம் உண்டு."

"அப்ப கிளம்பு. என் தம்பியை நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. அவன் உன் தலையில கை வைச்சு அனுப்பணும். அது இல்லாம வாசல் தாண்டாதே."

டெலாலிக்கும் அதுதான் வேண்டும். அம்மா போன பிறகு அவளை வளர்த்த மனுஷர். லாரி ஓட்டிப் படிக்க வைத்தவர். பள்ளி விடுதிக்கும் லெகோன் பல்கலைக்கழகத்துக்கும் அவள் கிளம்பிய ஒவ்வொரு முறையும் தலையில் வலது கை வைத்து அனுப்பியவர். இப்போது அந்த வலது கை செத்துப் போயிருந்தது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது 'ஆமா' என்ற ஒரே சொல். அக்பிளே களி வேண்டுமா என்றால் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா.

"இன்னொரு கல்யாணம் பண்ணி வைக்கட்டுமாடான்னு கேட்டேன், அதுக்கும் ஆமாங்கறான்" என்று அத்தை சிரிக்க, அப்பாவும் பாதி வாயால் சிரித்தார். டெலாலி அடுப்படிக்குப் போய் அழுதாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் நாற்காலிக்கு எதிரே ஸ்டூல் போட்டு அதன் மேல் தன் பாஸ்போர்ட்டையும் வீட்டுச் சாவியையும் வைத்தாள். பரிசோதனைக்கூடத்துப் புத்தி.

"அப்பா, வாயால சொல்ல வேண்டாம். நான் போகணும்னா பாஸ்போர்ட்டைத் தொடுங்க. இங்கயே இருக்கணும்னா சாவியைத் தொடுங்க."

அவர் இரண்டையும் பார்த்தார். அவளைப் பார்த்தார். இடது கை மெல்ல எழுந்தது. நடுவழியில் நின்றது. பிறகு அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

"இன்னொரு தடவை அப்பா. எனக்காக."

கை வெளியே வரவில்லை. தலை குனிந்தது. வலது தோள் குலுங்கியது, நின்றது, மறுபடி குலுங்கியது. கண்ணில் நீர் வழிந்தது.

"அவனை அழ வைக்காதே, விடுடி" என்றாள் அத்தை.

என்னை விட்டுப் போகாதே என்று சொல்லத் தெரியாமல் அழுகிறார் என்று நினைத்தாள் டெலாலி. ஊர் உலகத்தின் கையையெல்லாம் படித்தவளுக்கு வீட்டுக் கையைப் படிக்கத் தெரியவில்லை. ஊருக்குத்தானே உபதேசம். மறுநாள் காலையில், என்னால் வர இயலாது என்று எழுதி அனுப்பினாள். அத்தையிடம் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை பதில் வந்தது: வருந்துகிறோம், அடுத்தவருக்குக் கொடுத்தோம், அவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து அவள் வந்தபோது அப்பா விசேஷத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"காலையிலேர்ந்து இதே கூத்து" என்றாள் அத்தை. "கண்ணால சட்டையைக் காட்டி ஆமாங்கறான், உன் படத்தைப் பார்த்து ஆமாங்கறான். இந்த ரெண்டு நாளா அந்தச் செத்த கையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கிட்டே இருந்தான். வைத்தியர் சொன்ன பயிற்சியாக்கும்னு இருந்தேன்."

டெலாலி அருகில் போனாள். அப்பா கண்ணால் தரையைக் காட்டினார். மண்டியிட்டாள். அவர் இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்தார். தூக்கினார், நழுவியது. மறுபடி பிடித்துப் பல்லைக் கடித்துத் தூக்கி, அந்த உயிரற்ற வலது கையைக் கொண்டுவந்து அவள் தலையில் வைத்தார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இடது கையால் வழி காட்டினால் அது விரட்டுவது. பெற்ற மகளை விரட்ட அவருக்கு மனம் வரவில்லை. அன்று குலுங்கிய தோள் அழுகை இல்லை; வலது கையைத் தூக்கப் பார்த்திருக்கிறார். எந்த ஏவேக் குழந்தைக்கும் தெரிந்தது. அதையே எழுதிப் பட்டம் வாங்கிய பாவிக்குத் தெரியவில்லை.

"ஆமா" என்றார் அப்பா. வியர்வை வழியும் முகத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து காணாத சந்தோஷம்.

"பாத்தியா, அனுப்பிட்டான்" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பயணம் எப்போ?"

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை எந்த வாயால் சொல்வது?

"அடுத்த மாசம் அத்தை" என்றாள் டெலாலி.

அப்பாவின் கை கனத்தது, குளிர்ந்திருந்தது. அவள் எழுந்தால் அது விழுந்துவிடும். முழங்கால் மரத்துப்போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.