ஊசியில் ஏற்றிய சிவப்பு

எங்கள் குடியிருப்பில் என் மனைவிக்குக் கம்பவுண்டரம்மா என்று பெயர். மருந்து மாத்திரைக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கையில் எப்போதும் ஊசி இருக்கும், அவ்வளவுதான். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, பிரிண்டர் கார்ட்ரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கும் தாளை நகத்தால் கிளப்பி, துளைக்குள் ஊசியை இறக்கி, சொட்டுச் சொட்டாக மை ஏற்றுவாள். "உள்ளே ஸ்பாஞ்சுங்க. அவசரப்பட்டா வாந்தி எடுத்துடும்" என்பாள். அந்த நேரத்தில் நான் தும்மினால்கூட முறைப்பாள்.

எங்களிடம் பிரிண்டர் ஒன்று, கார்ட்ரிட்ஜ் இரண்டு ஜோடி. ஒன்று சாதா. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பாடத்தாள், சங்கத்தின் தண்ணீர் வராது என்கிற அறிவிப்பு எல்லாம் அதில். இன்னொன்று போட்டோவுக்கு. அதற்கு மை வேறு. சாதா மை பாட்டிலில் 'எழுத்துப் பிரதிகளுக்கு மட்டும்' என்று சின்னதாக அச்சிட்டிருக்கும். இரண்டையும் கலக்கக் கூடாது என்று எனக்கே வகுப்பு எடுத்தவள் அவள்.

அவள் இறந்துபோன பிறகு, பார்க்கிறவர்கள் எல்லாரும் அவள் கைராசியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அவள் தலை குனிந்து நின்ற ஒரு பகல்தான் அடிக்கடி ஞாபகம் வருகிறது.

அவளுடைய அக்கா புது வீட்டுக்குக் குடிபோகிற சமயம். கூடத்தில் அப்பாவின் படத்தைப் பெரிதாக மாட்ட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. ஸ்டுடியோவில் கொடுக்கப் போனவளை இவள்தான் தடுத்தாள்.

"ஸ்டுடியோக்காரன் அப்பா மூஞ்சிக்குப் பவுடர் பூசி மாப்பிள்ளையாக்கிடுவான்க்கா. நான் போட்டுத் தர்றேன்."

"உன் ஊசி மையிலயா?" என்று கேட்டவர் அக்காவின் கணவர், என் சகலை. எதையும் கிண்டல் செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது. "மழை வந்தா மாமனார் கரைஞ்சு போயிடப் போறார்."

"கரைஞ்சா வந்து கேளுங்க அத்தான்" என்றாள்.

அந்த வார்த்தைக்காகவே அவள் அந்தப் படத்தோடு மல்லுக்கட்டினாள். பழைய படத்தை ஸ்கேன் செய்து, கீறல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, நான்கைந்து முறை போட்டுப் பார்த்துக் கிழித்தாள். கடைசியில், குடிபோவதற்கு முந்தின நாள், அப்பாவின் உதடு நீலமாக வந்தது. போட்டோ மையில் சிவப்பு தீர்ந்துவிட்டது. வழக்கமான கடையில் இருப்பு இல்லை. சாதா சிவப்பு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கலக்கக் கூடாதுன்னு சொல்வியே?"

"ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆகாது. பாருங்க, ரெண்டும் ஒரே சிவப்புதானே?"

எனக்கும் ஒரே சிவப்பாகத்தான் தெரிந்தது. ஏற்றினாள். படம் வந்தது. அப்பா அப்போதுதான் முகம் கழுவிவிட்டு வந்து நின்றதுபோல் இருந்தார். மறுநாள் அக்கா அதைப் பார்த்து அழுதாள். சகலைகூட, "பரவாயில்லை, கம்பவுண்டர் பாஸாயிட்டா" என்றார்.

அப்புறம் நாங்கள் அந்த வீட்டுக்குப் போக மழைக்காலம் முடிந்துவிட்டது. கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"அப்பா எங்கக்கா?"

"ஃபிரேம் மாத்தக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

தங்கச் சொன்னார்கள். என் மனைவி போர்வை எடுக்க உள்ளறைக்குப் போனாள். வெகுநேரமாகத் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து அந்தப் படத்தை உருவிக் கையில் வைத்திருந்தாள். அப்பா பச்சையாக இருந்தார். சட்டை, முடி எல்லாம் சரியாக இருந்தன. முகத்திலும் கையிலும் மட்டும் சிவப்பு இறங்கிப்போய், பாசி பிடித்த கிணற்றுச் சுவர்போல ஒரு பச்சை.

பின்னாலேயே அக்கா வந்துவிட்டாள்.

"பார்த்துட்டியா? என் தப்புடீ. இவர் அப்பவே சொன்னார், ஜன்னலுக்கு எதிர்ல மாட்டாதேன்னு. அப்பாவுக்கு வெளிச்சம் பிடிக்குமேன்னு நான்தான் மாட்டினேன். நீ ராத்திரி பகலா உட்கார்ந்து பண்ணினதை நான் வெயில்ல காயப்போட்டுட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

கூடத்திலிருந்து சகலை குரல் கொடுத்தார். "வத்தல் காயப்போடுவாங்க, வடகம் காயப்போடுவாங்க. உங்கக்கா அப்பாவையே காயப்போட்டுட்டா!"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் மனைவி அவள் தோளைத் தொட்டாள். "விடுக்கா. வேற போட்டுத் தர்றேன்" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஊசிகளைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவினதையே திரும்பவும் கழுவினாள்.

"வெயிலும் ஒரு காரணம்தானே" என்றேன். "புதுசு ஒண்ணு போட்டுக் குடுத்துட்டா முடிஞ்சுபோச்சு."

"வெயில்னா எல்லாமே வெளுத்திருக்கணும். சிவப்பு மட்டும் ஏன் போச்சு?" என்றாள். "அவ என்கிட்ட மன்னிப்புக் கேட்டா. நான் கல்லு மாதிரி நின்னு வாங்கிக்கிட்டேன்."

போட்டோ மை வந்ததும் கார்ட்ரிட்ஜில் அந்தச் சிவப்பு இருந்த அறையைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, டிஷ்யூவில் ஒற்றி ஒற்றி, பழைய சிவப்பின் சாயம் போகும்வரை புதிதை ஏற்றி இறக்கினாள். படம் அன்றைக்கு வந்த மாதிரியே வந்தது. அதில் அவளுக்குச் சந்தோஷம் இல்லை. கண்ணாடி போட்டு, துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அக்கா கதவைத் திறந்து, துணியை விலக்கிப் பார்த்து, "கண்ணு!" என்று அவள் கன்னத்தை வழித்தாள். அந்தக் கையை இவள் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வெயில் இல்லை. போன தடவை நல்ல சிவப்பு தீர்ந்துபோச்சு. பாடத்தாள் அடிக்கிற சிவப்பை ஏத்தினேன். தெரிஞ்சேதான் ஏத்தினேன்."

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கையை விடுவித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் அழுதப்போ உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா நின்னுட்டிருந்தே?"

இவள் தலை குனிந்தாள்.

"மை போனா போகுதுடீ. அதுக்காக நான் ஒண்ணும் கேட்கப் போறதில்லை. என்னை அழவிட்டு வேடிக்கை பார்த்திருக்கே." உள்ளே திரும்பி, "ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். சகலை செய்தித்தாளும் கையுமாக வந்தார். "இவர்கிட்டச் சொல்லு. அப்பாவைக் காயப்போட்டவள்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிச் சிரிச்சிட்டிருக்கார். இப்போ நீ சொல்லு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று வாயெடுத்தேன். அவள் வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்துவிட்டு, அதே வார்த்தைகளை முதலிலிருந்து சொன்னாள். காது மடல் சிவந்துவிட்டது. "அக்கா பேர்ல தப்பில்லை அத்தான். அது என் வேலை" என்று முடித்தாள்.

அவர் கிண்டல் செய்திருந்தால் தேவலை. எங்களுக்குப் பழக்கம்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் அந்த இடத்திலேயே சின்னவளாகிப்போனாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எங்களை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. சுத்தியலை எடுத்து வந்து, ஜன்னலிலிருந்து தள்ளி உள்பக்கச் சுவரில் தானே ஒரு ஆணி அடித்தாள். முக்காலியை நான் பிடித்துக்கொண்டேன். படத்தை மாட்டிவிட்டு, திரும்பாமலே கேட்டாள்.

"நேரா இருக்கா?"

என் மனைவி நாலடி பின்னால் போய் நின்று பார்த்தாள். எனக்கு நேராகத்தான் தெரிந்தது.

"இல்லைக்கா. இடது பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கு."

அக்கா சரி செய்தாள். "இப்போ?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்போ?"

"இப்போ சரி."

"நெஜமாத்தானே சொல்றே?" என்றாள் அக்கா.