பாங் வீட்டு அடுப்பில் கொதித்த கஷாயம்

தெஷுனை மலைச்சரிவில் புதைத்துவிட்டு வந்த மறுநாளே அவர் மனைவி யூச்சின் மருந்துக்கடைக் கதவைத் திறந்தாள். திறக்கவேண்டும் என்று நினைத்துத் திறக்கவில்லை. வாசலில் ஆட்கள் இருமிக்கொண்டு நின்றார்கள். சாவி கையில் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் சீனாவின் ஹூனான் மாகாணத்து அந்தச் சிறு ஊரில் வீட்டுக்கு ஒருவராவது ஃப்ளூ காய்ச்சலில் படுத்திருந்தார்கள். மூலிகை வைத்தியரான தெஷுன் எல்லோருக்கும் நாடி பார்த்தார். கடைசியில் அவருக்கும் வந்தது. மூச்சு வாங்கினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தனக்கு வாங்கியபோது வெறும் சளி என்றார். கொண்டுபோய்ச் சேர்த்தபோது நேரம் கடந்திருந்தது.

மகள் அழுதாள், கொழுந்தன்மார் அழுதார்கள். யூச்சினுக்கு அழுகை வரவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. வேறு யாரையோ சொல்வதுபோல் இருந்தது.

பொன்வெள்ளிப் பூ, லியன்சியாவ் காய், அதிமதுரம், புதினா என்று தெஷுன் வகுத்துவைத்த மூலிகைக் கூட்டை நிறுத்துத் தாளில் மடித்துக் கொடுத்தாள். புதினாவைக் கடைசியில் போட்டு உடனே இறக்கிவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் வாய் தன்பாட்டுக்குச் சொல்லியது.

கூட்டம் கலைந்தபின் டோஃபு கடைக்காரன் பாங் வந்தான். ஊரில் முதலில் காய்ச்சலில் படுத்தவன் அவன்தான். தெஷுன் அவன் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். அங்கேதான் அவருக்கு நோய் ஒட்டியது என்று ஊரில் பேச்சு. அடக்கத்தன்று அவன் கிட்ட வராமல் பின்னால் நின்றிருந்தான்.

“அண்ணி, உங்க முகத்துல முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல.”

“அதான் முழிச்சாச்சே. யாருக்கு?”

மனைவி ருய்ஜுவுக்கு என்றான். “காய்ச்சல்தான். மாடிப்படி ஏறினா மட்டும் லேசா மூச்சு வாங்குது. என்னைத் திட்டுறதுக்கு மட்டும் நல்லாவே மூச்சு இருக்கு.”

யூச்சின் மருந்தை மடித்துக் கொடுத்தாள். அவன் போனான். தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவன் சொன்னது அவளுக்குள் இறங்கியது. படியேறினா மட்டும். தெஷுனும் இதையேதான் சொன்னார். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு நடந்தாள்.

பாங் வீட்டில் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. ருய்ஜு போர்வைக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. திட்டவில்லை. யூச்சின் நேராகப் போய் அடுப்பை அணைத்தாள். “ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

“ஒரு வாய் குடிச்சிட்டுப் போகட்டும் அண்ணி,” என்று பாங் கெஞ்சினான். “அண்ணனோட மருந்து.”

“உங்க அண்ணனும் இதைத்தான் குடிச்சாரு. நான்தான் காய்ச்சிக் குடுத்தேன். வண்டிய எடு.”

ருய்ஜு இழுத்து இழுத்துப் பேசினாள். “டோஃபு வண்டியிலயா? ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். ஏறி உட்காரு.”

மூன்று சக்கர வண்டியில் ருய்ஜுவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு போனாள் யூச்சின். ஆஸ்பத்திரியில் உடனே பிராணவாயு வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். பாங் தரையில் உட்கார்ந்து அழுதான். தெஷுன் இறந்ததும் இதே தாழ்வாரத்தில்தான். இப்போதாவது ஏதாவது வரும் என்று யூச்சின் காத்திருந்தாள். நாற்காலியின் குளிர் மட்டும் தெரிந்தது.

ருய்ஜு இளைத்துக் கறுத்து வீடு திரும்பினாள். அன்றிலிருந்து பாங் காலையில் ஒரு கிண்ணம் சூடான டோஃபு கொண்டுவந்து கல்லாமேல் வைப்பான். யூச்சின் நின்றபடியே சாப்பிடுவாள். ஒருநாள் அவன் போகாமல் தயங்கினான்.

“ஒரு தடவை அழுதிடுங்க அண்ணி. ருய்ஜுவும் அதையேதான் சொல்றா.”

“வரும்போது வரட்டும்,” என்றாள் யூச்சின். “இதுல காரம் பத்தல.”

மறுநாள் அவன் மிளகாயை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்தான். அதையும் அவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.