பஸ் ஸ்டாண்டில் பதினோரு புள்ளி

கலைமதிக்குக் கண்தான் தெரியாதே தவிர, ஊரில் அவளுக்குத் தெரியாத சங்கதி ரொம்பக் குறைவு. தெருவில் வருவது யார் வீட்டு வண்டி, எந்தக் கடையில் வடை ஆறிப்போய்விட்டது, எல்லாம் அத்துப்படி. பரீட்சை எழுதி விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலையும் வாங்கிவிட்டாள். ஆனால் அந்த வேலைக்கு அவளோடு அவள் அப்பா பெரியதம்பியும் தினம் போய்க்கொண்டிருந்தார், அதுதான் கூத்து.

அதற்குக் காரணம் ஒரு புண்ணியவான். கொழுந்தாங்கல் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், ஹைவேயை ஒட்டிய ஊர். பஸ் ஸ்டாண்டு கிடையாது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் விழுப்புரம் பஸ், அந்தப் பக்கம் நின்றால் திண்டிவனம் பஸ். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் கலைமதி ஒழுங்காக இந்தப் பக்கம்தான் நின்றாள். யாரோ வந்து கையைப் பிடித்து, ஒரு வார்த்தை கேட்காமல், தரதரவென்று ரோட்டைத் தாண்ட வைத்து எதிர்ப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். "கண்ணு தெரியாத பொண்ணு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கில்லாம வேற எங்க போவும்?" என்று கண்டக்டரிடம் அவர் சொன்னது, பஸ் கிளம்பிய பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்குக் கேள்வி கேட்க மட்டும் நேரமிருப்பதில்லை.

அன்றிலிருந்து பெரியதம்பி கூடவே ஏறினார். காலையில் "ரெண்டு விழுப்புரம்" என்று டிக்கெட் வாங்குவார். விழுப்புரத்தில் அவளோடு வேலை பார்க்கும் புனிதா ஸ்டாப்பில் காத்திருப்பாள். அவள் கையில் மகளை ஒப்படைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்புவார். சாயங்காலம் மறுபடி போய் அழைத்து வருவார். அவர் ஒரு நாள் கூட முகம் சுளித்ததில்லை, அதுதான் கலைமதிக்கு வலித்தது.

இப்போது நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, முற்றிவிட்டது. ரெண்டு ஏக்கர். விட்டால் மண்ணுக்குள்ளேயே முளைக்க ஆரம்பித்துவிடும்.

"என்னால ரெண்டு பக்கமும் ஓட முடியல பாப்பா. வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துரு. நம்ம வூட்ல சோத்துக்கா பஞ்சம்?" என்றார்.

"வெள்ளிக்கிழம புது பஸ் ஸ்டாண்டு தொறக்கறாங்கப்பா. என்ன மாதிரி ஆளுங்களுக்குன்னு தரையில வழி போட்டிருக்காங்க. கேட்டுலருந்து விழுப்புரம் பஸ் நிக்கிற எடம் வரைக்கும் நானே நடந்து காட்டறேன். நீ பின்னால வா, ஆனா வாயத் தொறக்கக் கூடாது. வழி தப்பிட்டேன்னா நானே எழுதிக் குடுத்துர்றேன்."

பெரியதம்பி வெகுநேரம் யோசித்துச் "சரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, வழியை ஒரு தரம் பழகிக்கொள்ளலாம் என்று அப்பாவோடு புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். கேட்டைத் தாண்டியதும் கோலை வைத்துத் தட்டினாள். மஞ்சள் டைல்ஸ் காலுக்குத் தட்டுப்பட்டது. அதில் இரண்டு வகை உண்டு. கோடு போட்டது இருந்தால் நட என்று அர்த்தம், புள்ளி வைத்தது இருந்தால் நில் என்று அர்த்தம். சென்னையில் படித்தபோது ரயில்வே ஸ்டேஷனில் இதிலேயே ஓடியவள் அவள்.

கோட்டைப் பிடித்து நடந்தாள். கோடு வளைந்தது. நாலு அடியில் புள்ளி. மறுபடி கோடு, மறுபடி வளைவு. ஒரு தூணில் கோல் இடித்தது. சுற்றி வந்தாள். அதே தூண். மூன்றாவது தரமும் அதே தூணில் இடித்தபோது அவளுக்கு வேர்த்துவிட்டது. கூடவே வந்த பெரியதம்பி சொன்னபடி வாயைத் திறக்கவில்லை.

"யம்மா, பாத்து! கோலத்த மிதிச்சிக்கினு நிக்கிறியே!"

டைல்ஸ் போட்ட மேஸ்திரி மாரியப்பன்தான். கல்யாண மண்டபத் தரையெல்லாம் போட்டுப் பேர் வாங்கினவர்.

"கோலமா?"

"பின்ன? புள்ளி வச்ச கல்லு ஒரு லோடு, கோடு போட்ட கல்லு ஒரு லோடு எறக்குனாங்க. எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல. புள்ளியும் கோடும் குடுத்தா என்னா போடுவாங்க? பதினோரு புள்ளி, சிக்குக் கோலம். எம் பொண்டாட்டி முனியம்மாள் பேப்பர்ல வரஞ்சி குடுத்தா. வெட்டி வெட்டிப் போட நாலு நாளு ஆச்சி!"

கலைமதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. கோலை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது, அழுகையே வந்தது. அவளுடைய வேலை, சம்பளம், தனியாக ஒரு பஸ் ஏறும் உரிமை, எல்லாம் அந்தச் சிக்குக் கோலத்தில் சிக்கிக்கொண்டிருந்தது.

டைல்ஸ் எதற்கு என்று அவள் சொன்னாள். மேஸ்திரிக்கு நம்பிக்கை வரவில்லை.

"துண்ட கண்ல கட்டிக்கினு நடங்க மேஸ்திரி. நீங்க போட்டதுதானே?"

ரோஷக்காரர், கட்டிக்கொண்டார். காலால் தடவித் தடவி நடந்தார். துண்டை அவிழ்த்தபோது பெண்கள் கழிப்பறை வாசலில் நின்றார். அவருக்கு முகம் செத்துவிட்டது.

"தப்பு எம்மேலதாம்மா. ஆபீசருகிட்ட நானே வர்றேன்" என்றார்.

மறுநாள் காலை பேரூராட்சி அலுவலகம். அதிகாரி தன்மையாகத்தான் பேசினார்.

"கோலம் போட்டோல அழகா விழும்மா. விழா முடியட்டும், பாத்துக்கலாம்."

கலைமதி கிளார்க். அதிகாரிகள் எதற்குப் பயப்படுவார்கள் என்று கிளார்க்குக்குத் தெரியாதா? மனுவை இரண்டு பிரதியாக டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தாள். ஒன்றை நீட்டினாள்.

"சரிங்க சார். விழா முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்னு இப்ப சொன்னீங்களே, அத இதுலயே எழுதிக் கையெழுத்து போட்டு, சீல் வச்சிக் குடுத்துருங்க."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார். கூட வந்திருந்த மாரியப்பன் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி, வியாழக்கிழமைக்குள்ள ஆவுமா?"

"ஆவும் சார்" என்றார் மாரியப்பன்.

கோலத்தைப் பெயர்த்தார்கள். வேலை விட்டு வந்ததும் கலைமதி தினம் அங்கே போய் நடந்து பார்ப்பாள். ஒரு கல் துருத்தினால் போதும், "இது தடுக்குது" என்பாள். மாரியப்பன் முணுமுணுத்துக்கொண்டே பெயர்த்து மறுபடி வைப்பார். "ஒரே ஒரு பூவாச்சும் வச்சிக்கிறேம்மா" என்று கெஞ்சினார். "செவுத்துல வைங்க. அதுல யாரும் நடக்க மாட்டாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை மேளம், மாலை, மைக். ரிப்பன் வெட்டியதும் பஸ்கள் உள்ளே வந்தன. கலைமதி கேட்டில் நின்று கோலை நீட்டினாள். பத்தடி பின்னால் பெரியதம்பி.

கோடு நேராகப் போனது. "இந்தப் பக்கம் வாம்மா" என்று ஒரு கை வந்து பிடித்தது. "வழி தெரியும்ங்க" என்று அதை எடுத்துவிட்டாள். பாதி தூரத்தில் கோல் ணங்கென்று இடித்தது. மஞ்சள் கல் மேல் எவனோ பைக்கை நிறுத்தியிருந்தான். பின்னால் அப்பாவின் செருப்பு இரண்டடி முன்னால் வந்து நின்றது அவளுக்குக் கேட்டது.

அவள் விலகிப் போகவில்லை. "யாருதுங்க வண்டி? இது ரோடுங்க, நான் போற ரோடு. ஜல்தி எடுங்க!" என்று மேளத்தையும் மீறிக் கத்தினாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. வண்டிக்காரன் வெட்கத்தோடு தள்ளிக்கொண்டு போனான். மாரியப்பன் அவனைத் திட்டியது பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது.

மறுபடி கோடு. வலப்பக்கம் ஒரு திருப்பம். பிறகு காலடியில் புள்ளி, புள்ளி, புள்ளி. நின்றாள். எதிரே இன்ஜின் உறுமியது.

"விழுப்புரமா?"

"விழுப்புரம்தாம்மா, ஏறு ஏறு."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழக்கமான கண்டக்டர்தான். விசில் ஊதப் போனவர் நின்றார்.

"இன்னாம்மா, அப்பா கீழயே நிக்கிறாரு. கண்ண வேற தொடச்சிக்கினு நிக்கிறாரு. ஏறலியா?"

"மல்லாட்ட புடுங்கப் போறாருண்ணே" என்றாள் கலைமதி. சிரித்துக்கொண்டே காசை நீட்டினாள். "ஒரு விழுப்புரம்."