அடியில்லாத பீப்பாய்

"கடல்ல மொண்டு காப்பி போட்டியா?" என்று கேட்டுவிட்டு லௌஸ்ட் கோப்பையைத் தள்ளி வைத்தார். அவர் மனைவி அபெலோனே காப்பியைக் கொல்லையில் கொட்டினாள். மறுநாள் பேத்திக்கு ஞானஸ்நானம். ஊரே வீட்டுக்குக் காப்பி குடிக்க வரும். தெருப் பம்பில் வருவதோ உப்பும் துருவும்.

அதற்குக் காரணமே லௌஸ்ட்தான். டென்மார்க்கின் யூட்லாந்துக் கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் கிடக்கும். அதற்குக் கீழே உப்பு. சபை மூப்பரான அவருக்கு மேல்தண்ணீர் கௌரவமாகப் படவில்லை. குழாயை இன்னும் ஆழத்துக்கு அடித்து இறக்கச் சொன்னார். குழாய் இறங்கியது, ஊர் வாயில் மண் விழுந்தது.

நல்ல தண்ணீர் மிஞ்சியிருந்த ஒரே இடம் சிட்செலின் கொல்லை. அவள் கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவள். அப்படிப்பட்டவள் எல்லோரும் பிடித்த பிறகே பம்பைத் தொட வேண்டும். அவள் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கடைசியில்தான். அது ஊர் வழக்கம். பிள்ளைக்குத் தகப்பனானவன் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து கணீரென்று பாடலாம், அதற்கு வழக்கத்தில் தடையில்லை. நின்று நின்று கால் கடுத்த சிட்செல், அடிப்பலகையைத் தட்டிவிட்ட மீன் பீப்பாய் ஒன்றைக் கொல்லை மணலில் புதைத்தாள். இடுப்பாழத்தில் ஊறிய தண்ணீர் தித்தித்தது.

அபெலோனே இரண்டு வாளிகளோடு கொல்லை வழியாக வந்தாள். முன்வாசல் வழியாக வந்தால் மூப்பர் வீட்டு மானம் என்னாவது? அவசரமாக அள்ளினால் உப்பு மேலேறிவிடும் என்று சிட்செல் நிதானமாக மொண்டாள்.

"இது காப்பிக்கு, அது கோயிலுக்கு" என்றாள் அபெலோனே.

"காப்பிக்குக் கொண்டுபோங்கம்மா. கோயிலுக்கு நானே கொண்டாறேன். நாளைக்கு என் எஸ்பெனுக்கும் ஞானஸ்நானம்தானே."

"உனக்கு எதுக்குடி சிரமம்?"

"உங்க பேத்தி தலையில விழுற தண்ணி. வழியில சிந்திரக் கூடாதில்ல?"

அபெலோனேவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பெண்ணுக்கு அடக்கம் வந்துவிட்டதென்று வீட்டில் போய்ச் சொன்னாள்.

ஞாயிறு காலை, கோயில் நிறைந்திருந்தது. சரிகைச் சட்டையில் பேத்தி தயார். ஒரு கையில் குடுவையும் இடுப்பில் எஸ்பெனுமாக வந்த சிட்செல், தண்ணீரை ஊற்றாமல் ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றாள்.

"உன் முறை கடைசியிலம்மா" என்றார் போதகர் தாழ்ந்த குரலில்.

"பம்புல கடைசியாத்தான் நின்னேன், ஐயா. இது என் பீப்பாயில ஊறினது. நாங்க கடைசின்னா தண்ணியும் கடைசியில வரட்டும்."

போதகர் லௌஸ்டைப் பார்த்தார். தன் குழாயில் என்ன வரும் என்று அவருக்குத் தெரியாதா? தரையைப் பார்த்துக்கொண்டார். சிட்செல் குடுவையைத் தொட்டியில் கவிழ்த்தாள். எஸ்பென் முதலில் நனைந்தான். அதே தண்ணீரில் மூப்பரின் பேத்தி அடுத்து.

அன்று மாலைக் காப்பி பிரமாதம் என்று ஊரே புகழ்ந்தது. சிட்செலை யாரும் கூப்பிடவில்லை. அவளுக்கு அது வலிக்கத்தான் செய்தது.

திங்கள் காலை அபெலோனே மறுபடி வாளியோடு வந்தாள். கொல்லைக் கதவு தாழிட்டிருந்தது.

"முன்வாசல் திறந்துதாம்மா இருக்கு" என்றது உள்ளிருந்து குரல்.

தெருவில் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அபெலோனே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு நடந்தாள்.