மீன்தொட்டி வைத்த கடை

மூன்றாவது தெருவையும் அலசி முடித்துவிட்டான் லிப்ட் மெக்கானிக். கால் வலியில் உயிர் போனது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், கம்பெனி பயிற்சிக்காக இந்த வெளிநாட்டுக்கு வந்தபோது ஒரே ஒரு தடவை சாப்பிட்ட நம்மூர்க்காரர் கடை. வாசலில் மீன்தொட்டி, எதிரே கடிகாரம் பழுது பார்க்கும் கடை, கீழே இறங்கும் படிக்கட்டு. இவ்வளவுதான் ஞாபகம். இப்போது மறுபடி வேலையாக அனுப்பியிருக்கிறார்கள். நாளைக் காலை விமானம். ஒருவழியாகக் கடிகாரக் கடை கிடைத்தது. எதிரே இறங்கும் படி எதுவும் இல்லை, மாடிக்கு ஏறும் படிதான் இருந்தது. அண்ணாந்து பார்த்தால், மேலே அதே மீன்தொட்டி. அடப்பாவி! ஏறிப் போனதெல்லாம் மறந்து, இறங்கி ஓடியது மட்டும்தான் மனதில் நின்றிருக்கிறது.

அன்று மேலாளர்களோடு வந்திருந்தான். மேஜை துடைக்க வந்தவன் சுருட்டை. தொழிற்பயிற்சி படித்த இரண்டு வருஷமும் ஒரே அறை. இவனுக்கு வெங்காயம் ஆகாது என்று இவன் பங்கிலிருந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி எறிந்துவிட்டு, "மகாராஜா, சாப்புடுங்க" என்று நக்கலோடு தட்டை நீட்டுவான். நேர்முகத் தேர்வுக்கு இவன் போட்டுக்கொண்டு போன சட்டையே சுருட்டையுடையதுதான்.

"டேய் நெட்டை! நீயாடா?"

மேலாளர் திரும்பினார். "தெரிஞ்சவரா?"

"இல்ல சார். யாருன்னே தெரியல."

வாய் கூசாமல் சொன்னான். சுருட்டையின் கை துணியோடு அப்படியே நின்றது.

"மன்னிச்சிருங்க சார். ஆள் மாறிப்போச்சு." மிச்ச மேஜையையும் துடைத்துவிட்டுத்தான் போனான்.

நாலு தட்டு வந்தது. மூன்றில் வெங்காயம். இவன் தட்டில் மருந்துக்குக்கூட இல்லை. செருப்பால் அடித்திருந்தால் தேவலை. தலை நிமிராமல் விழுங்கிவிட்டு ஓடினான்.

இப்போது படியேறிப் போய், கல்லாவில் இருந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான். "முன்னாடி இங்க மேஜை துடைச்சிட்டு இருந்தாரே, சுருட்டை முடி..."

"நம்ம மாஸ்டரையா? உள்ளதான் இருக்காரு. யாருன்னு சொல்ல?"

"நெட்டை வந்திருக்கான்னு சொல்லுங்கம்மா. அவனுக்குத் தெரியும்."

அந்த அம்மா உள்ளே போய்த் திரும்பினார். முகத்தில் சங்கடம். "அப்படி யாரையும் தெரியாதுன்னுட்டாரேப்பா. ஆள் மாறியிருக்கும்னாரு."

நியாயம்தானே? எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வந்தான்? காதுமடல் வரை எரிந்தது. திரும்பிப் போகவும் மனம் வராமல் ஒரு காலி மேஜையில் உட்கார்ந்தான். பக்கத்து மேஜைக்காரர் சாப்பிடுவதையே தனக்கும் கொண்டுவரச் சொன்னான். அவர் தட்டு நிறைய வெங்காயம். ஒன்று விடாமல் தின்றுவிட்டுப் போவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

தட்டு வர வெகுநேரமானது. வந்ததும் கரண்டியால் கிளறினான். மறுபடி கிளறினான். அடிவரை துழாவினான். ஒரு துண்டு இல்லை.

நிமிர்ந்தான். சமையலறைக் கதவின் கண்ணாடி வட்டத்துக்குள், பாதி நரைத்த சுருட்டைத் தலை ஒன்று இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.